விற்பவனிடம் தாத்தா கதையைச் சொல்லிவிடாதீர்கள்

பாகங்களை ஒட்டி பொம்மை விமானம் செய்யும் பழைய மாடல் கிட் ஒன்றை ஆன்லைனில் பார்த்துவிட்டு ஜிபே-யைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நான் 7,400 ரூபாய் விட்ட கதையைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டை. தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரை போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். மற்ற நாளெல்லாம் கைலியோடு திண்ணையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவார். எல்லாமே எலேர் கிட். பெட்டியில் 'ஹெல்லர்' என்று படிப்போம், அவர் திருத்துவார். 1957-இல் ஆரம்பித்த பிரெஞ்சுக் கம்பெனி அது. வேப்பங்குச்சியைச் சீவித்தான் சின்னச் சின்ன இடங்களுக்குப் பெயிண்ட் வைப்பார். ஐப்பசி, கார்த்திகையில் வார்னிஷ் பக்கமே போகமாட்டார், ஈரக்காற்றில் வெளுத்துவிடும் என்று.

அவர் போன பிறகு பரணில் மிஞ்சியது ஒரே ஒரு மிராஜ் 3இ, பிரெஞ்சுப் போர் விமானம். 1/72 அளவு, அதாவது நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு. மூக்கு உடைந்து, ஒரு சக்கரம் இல்லாமல், விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடி கழன்று கிடந்தது. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதை இறக்கினேன். அதே கிட்டை வாங்கி, தாத்தா மாதிரியே முதலிலிருந்து ஒட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. சனி இங்கேதான் பிடித்தது.

'பழைய கிட், சீல் உடையாதது' என்று ஒரு இன்ஸ்டா பக்கம். மெசேஜ் போட்டேன். விலை 4,000 என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க தாத்தா ஒட்டின அதே மாடல் சார்" என்று ஆரம்பித்து, திண்ணை, வேப்பங்குச்சி வரைக்கும் எழுதி, உடைந்த மிராஜை போட்டோவும் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "தம்பி, இன்னொருத்தர் கேட்டுட்டிருக்கார். ஆனா இது உங்க கைக்குத்தான் வரணும்னு தோணுது. தாத்தா ஆசீர்வாதம்." விலை 6,500 ஆகியிருந்தது. ஒட்டும் பசை, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 'பிகினர் செட்' 900. என் தாத்தாவின் ஆசீர்வாதத்தை எனக்கே விற்றான், நானும் வாங்கினேன்.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. பெட்டி அசல்தான். மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை. பெட்டியின் மூலையில் விலைச் சீட்டைப் பிய்த்த தழும்பு, அட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. உறை அந்தத் தழும்புக்கு மேலே போயிருந்தது. அதாவது சீட்டைக் கிழித்த பிறகுதான் 'சீல்' போட்டிருக்கிறார்கள். கிஃப்ட் கடையில் சூடு காட்டிச் சுற்றித் தரும் அதே உறை. இதெல்லாம் இப்போது தெரிகிறது, அன்றைக்குச் சந்தோஷத்தில் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உள்ளே உடல்பாகம் சின்னதாக இருந்தது. தாத்தாவின் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தேன். நிஜ மிராஜ் 3இ நீளம் 15.03 மீட்டர். 72-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 21 சென்டிமீட்டர் வரணும். கையில் இருந்தது 15. அப்படியென்றால் 1/100. வேறு ஏதோ கிட்டைக் கொண்டுவந்து இந்தப் பெட்டியில் கொட்டியிருக்கிறான். பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். கண்ணாடி பாகங்கள் இருக்கும் ஸ்ப்ரூவே இல்லை. செய்முறைத் தாள் ஜெராக்ஸ். டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர், மஞ்சளடித்து, தண்ணீரில் போட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

இதுவரைக்கும் காசோடு போச்சு. பசையில்தான் வயிறு எரிந்தது. புட்டியில் 'மாடல் சிமென்ட்' என்று லேபிள். புதுக் கிட் வீணாகிவிட்டதே, தாத்தாவுடையதையாவது சரி பண்ணுவோம் என்று அந்தக் கண்ணாடி மூடியை அதை வைத்து ஒட்டினேன். மாடல் சிமென்ட் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று சேர்க்கும். இவன் அனுப்பியது பெட்டிக்கடை சூப்பர் க்ளூ. அதன் ஆவி கண்ணாடி பாகத்தில் பட்டால் வெள்ளை படியும். காலையில் பார்த்தால் கண்புரை விழுந்த கண் மாதிரி இருந்தது. வெளிப்பக்கம் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்து ஓரளவு எடுத்தேன். உள்பக்கம் விரல் போகாது.

கேட்டதற்கு, "கலெக்டர்ஸ் அயிட்டம், ரிட்டர்ன் இல்ல" என்று ஒரு வரி. அப்புறம் பிளாக். பார்சலில் கடலூர் முதுநகர் முகவரி இருந்தது. பஸ் ஏறி, பெண்ணையாற்றைத் தாண்டிப் போய்த் தேடினேன். டீக்கடைக்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தத் தெருவே அந்த நம்பர் வரைக்கும் போகாதே தம்பி" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை. என் மூஞ்சி அப்படி இருந்திருக்கிறது.

சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ ஒன்பதாவது நாள் கூப்பிட்டேன். புகார் எண் கொடுத்தார்கள், பணம் இன்னும் வரவில்லை. அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் அவன் கணக்கில் நிறுத்திவைக்க வழி இருந்திருக்கும். முகவரி உள்ள நிஜக் கடை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஐந்து லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. என் ஆளுக்கு முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை.

வாங்கியே தீருவேன் என்றால், ஸ்ப்ரூ எல்லாவற்றையும் தரையில் பரப்பி, பக்கத்தில் ஸ்கேலும் அன்றைய தினத்தந்தியும் வைத்து போட்டோ கேளுங்கள். 'சீல் உடைக்க முடியாது சார்' என்றால் விட்டுவிடுங்கள். கண்ணாடி பாகத்தை முதலில் எண்ணுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். எதற்காக வாங்குகிறீர்கள் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.

மிராஜ் இப்போது பீரோ மேல் இருக்கிறது. 1/72 மிராஜ் 3-க்கு கண்ணாடி மூடி உபரியாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். போட்டோவில் ஸ்கேல் இருக்கணும்.