பாளையங்கோட்டையில் சென்சார் கட்டி நடை பார்க்கிறார்கள்: அப்பாவைக் கூட்டிப்போன அனுபவம்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய் வந்து நாலு வருஷம். கை நடுக்கம்கூடப் பரவாயில்லை, நிலைவாசல் வந்ததும் கால் தரையில் ஒட்டினாற்போல் நின்றுவிடுவதுதான் பெரிய கவலை. அதற்காகக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆறு வாரம் பாளையங்கோட்டையில் இருக்கிற இந்தப் பிசியோ மையத்துக்குப் போய்வந்தோம்.

கணுக்கால் இரண்டிலும் இடுப்பிலும் தீப்பெட்டி அளவு சென்சாரைப் பட்டை போட்டுக் கட்டுகிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். நிமிடத்துக்கு எத்தனை அடி, ஒவ்வொரு அடியும் எவ்வளவு நீளம், திரும்ப எத்தனை நொடி, எல்லாம் வந்துவிடுகிறது. கால் ஒட்டி நிற்கும்போதும் நொடிக்கு 3 முதல் 8 தடவை நடுங்குமாம், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது.

அப்பாவுக்கு நிமிடத்துக்கு 92 அடி வந்தது. கொஞ்சம் கூட்டி 100-க்குத் தாளம் வைத்துக் காதில் மாட்டினார்கள். நடையைத் தானாக ஓட்டுகிற மூளைப் பகுதி தளர்ந்துபோனாலும், வெளியிலிருந்து தாளம் கிடைத்தால் கால் அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த டக் டக் சத்தம் அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. பஜனையில் முப்பது வருஷம் ஜால்ரா போட்டவர். பிசியோ பொண்ணு, "சரி தாத்தா, ஜால்ராவே வச்சிருவோம்" என்று சொல்லி, அவர் கூட்டாளி போட்டதைப் பதிவு செய்து 100-க்குச் சரிபண்ணிக் கொடுத்தது. அன்றைக்கு அப்பா நடந்த நடையை அம்மா பார்க்கவில்லையே என்று இருந்தது.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்குக் கொடுத்த நேரம் காலை 10 மணி, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், அப்போது அப்பா நன்றாகத்தான் நடப்பார். ரிப்போர்ட்டில் கால் ஒட்டுவதாக ஒன்றுமே இல்லை. வீட்டில் சாயங்காலம், அடுத்த மாத்திரைக்கு முன்னால்தான் பாடுபடுகிறார். இரண்டு தடவை வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் சென்சாரை வீட்டுக்குக் கொடுத்தார்கள், அதில் எல்லாம் பதிவானது. அப்புறம்தான் நிலைவாசலுக்கு முன்னால் ஓர் அடி இடைவெளியில் குறுக்காகக் கலர் டேப் ஒட்டச் சொன்னார்கள். பர்டன் மார்ட்டின் என்ற நரம்பியல் மருத்துவர் 1967-லேயே எழுதிய வழி இது. இதற்கு மெஷினே வேண்டாம். இப்போது கோட்டைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்துவிடுகிறார்.

இடம் மாடியில், லிஃப்ட் கிடையாது. அப்பாவுக்குப் படி சுலபம், ஒவ்வொரு படியும் அந்தக் கோடு மாதிரிதானே. மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷில்தான் தருகிறார்கள், தமிழில் ஒரு பக்கமாவது தரலாம்.

போகிறவர்கள் மாத்திரை நேரத்தை எழுதி எடுத்துக்கொண்டு, மருந்து வேகம் குறைகிற நேரத்துக்கே அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள்.