வண்ணாரப்பேட்டை கேமிங் சென்டர்: எல்லாரும் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள்

எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிறது. ஏசி நன்றாக இருக்கிறது, மானிட்டர்களும் பரவாயில்லை. ஹெட்செட்தான் மோசம், இடது காது அடிக்கடி செத்துப்போகிறது. காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டே ஆட வேண்டிய கவுன்ட்டர் ஸ்ட்ரைக் என்ற அணித் துப்பாக்கி ஆட்டத்தில் இது சின்னக் குறை இல்லை. கல்லாவில் இருக்கும் தம்பியிடம் சொன்னால் "ஒயரைக் கொஞ்சம் திருகுங்கண்ணா" என்கிறார்.

கார் ரேஸ், ஃபுட்பால் எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறார்கள், தொட ஆளில்லை. எல்லாத் திரையிலும் துப்பாக்கிதான். மணிக்கணக்கில் காசு கட்டுகிற இடத்தில் வேறென்ன ஆடுவார்கள்? கதை ஆட்டம் என்றால் முதல் ஒரு மணி நேரம் பேசியே போய்விடும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் ஒரு ரவுண்டே 1 நிமிடம் 55 விநாடி, குண்டு வைத்துவிட்டால் இன்னொரு 40 விநாடி, செத்தாலும் அடுத்த ரவுண்டில் எழுந்து வந்துவிடலாம். புதுப் பையனுக்கு விதி சொல்லித்தரவும் வேண்டாம், கேரம் மாதிரி குறி பார்த்து அடிப்பதுதான். ஆனால் உள்ளே போகப் போகத்தான் எந்த ரவுண்டில் துப்பாக்கி வாங்காமல் ஆட்டக் காசைச் சேமிப்பது, புகைக்குண்டை எங்கே போடுவது என்று நீள்கிறது.

அப்புறம் விலை. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2018 கடைசியிலிருந்து இலவசம், அதே மாதிரி துப்பாக்கி ஆட்டமான வேலரன்ட் 2020-ல் வந்ததே இலவசமாகத்தான். வீட்டில் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி ஆட்டம் ஆடிப் பழகிய பையன்கள் இங்கே வந்து மவுஸ் பிடிக்கிறார்கள்.

ஓர் அணிக்கு ஐந்து பேர், அதனால் ஐந்து பேராகப் போங்கள், வலது ஓரத்து மேசை வேண்டாம், ஹெட்செட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.