ஃப்ரீலேண்டர் 1: ஐஆர்டியை மாற்றியும் மறுபடி ஐஆர்டி போகிறதா?

லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரின் முதல் தலைமுறை 1997-இல் அறிமுகமாகி 2006 வரை வந்தது. வாரண்டி பேச்சுக்கே இடமில்லாத வயது. பிரிட்டனில் இன்னும் ஓடுகிறது, மலிவாகக் கிடைக்கிறது, சேற்றிலும் பனியிலும் நம்பி இறக்கலாம். ஆனால் ஒரே செலவை இரண்டு முறை செய்தவர்கள் இதில் நிறைய. ஐஆர்டி (முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி, Intermediate Reduction Drive) உடைகிறது, ரீகண்டிஷன் (பழையதைப் புதுப்பித்த) ஐஆர்டி போடுகிறார்கள், கொஞ்ச நாளில் அதுவும் முனக ஆரம்பிக்கிறது.

இந்த ரிப்பேருக்குக் கடைகள் விற்பவை மூன்று: ஐஆர்டி மட்டும்; ஐஆர்டி, விசியூ (ஷாஃப்டின் நடுவில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங்), பேரிங் சேர்ந்த முழு செட்; பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டியாக்கிவிடுவது. முதலாவதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஐஆர்டி என்பது கியர்பாக்ஸோடு ஒட்டி நிற்கும் பெட்டி. முன்சக்கரங்களுக்கும், ஒரு கிரவுன்-பினியன் (ஒன்றையொன்று கடிக்கும் பற்சக்கர ஜோடி) வழியாகப் பின்னால் போகும் ஷாஃப்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவில் கனமான ஓர் உருளை, இரு பக்கமும் பேரிங்கில் தொங்குகிறது. அதுதான் விசியூ. உள்ளே துளையிட்ட தகடுகள், அவற்றுக்கிடையே சிலிகோன் திரவம். முன், பின் கியர் விகிதங்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். நேர்ச்சாலையில் போகும்போதும் விசியூ சற்று வழுக்கிக்கொண்டே இருக்கும், ஓய்வே கிடையாது. அந்த உழைப்பில் திரவம் வருடக்கணக்கில் கெட்டிப்பட்டு, வழுக்க வேண்டிய உருளை இறுகிவிடுகிறது. பிறகு ஒவ்வொரு வளைவிலும் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று முறுக்கும். அந்த முறுக்கைத் தாங்க முடியாமல் ஐஆர்டியின் பினியன் பேரிங்கோ கிரவுன் பற்களோ போகின்றன, சில வண்டிகளில் பின் டிஃப்ரன்ஷியல் (இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரப் பெட்டி) முந்திக்கொள்ளும். இறுகிய விசியூவை அப்படியே விட்டுப் புது ஐஆர்டி போட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தனைக்கும் சர்வீஸ் அட்டவணையில் விசியூ மாற்றும் மைல் கணக்கு இல்லை. ரீகண்டிஷன் தொழிலில் புழங்கும் கணக்கு 70,000 மைல். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது கீழே வரும் சோதனை.

முதலில் வண்டி தானாகச் சொல்வதைக் கேளுங்கள். சமதரையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் மெதுவாக ரிவர்ஸ் எடுங்கள். யாரோ பிரேக்கை லேசாக மிதித்த மாதிரி வண்டி தயங்கி நின்றால் விசியூவைச் சந்தேகிக்கலாம். டயர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேய்வதும், வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தமும் அடுத்த அடையாளங்கள்.

சோதனைக்கு வேண்டியது ஜாக்கி, ஸ்டாண்டுகள், ஹப் நட் (சக்கரத்தின் நடு நட்) சாக்கெட், 1.2 மீட்டர் கம்பி, 5 கிலோ எடை, கைக்கடிகாரம். வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். முன்சக்கரங்களுக்கு இரு புறமும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். முதலில் பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் இலகுவாகச் சுற்ற வேண்டும். பின்னால் இருப்பது டிரம் பிரேக். அது பிடித்துக்கொண்டிருந்தால் நல்ல விசியூவும் கெட்டதாகத் தெரியும். பலர் இதை விட்டுவிட்டு வீணாகப் பணம் போட்டிருக்கிறார்கள். பிறகு ஒரு பின்சக்கரத்தைத் தரையிறக்கி, ஒன்றை மட்டும் தூக்கி வைத்து முதல் கியரில் போடுங்கள். தூக்கிய சக்கரத்தின் ஹப் நட்டில் கம்பியை மாட்டி, நட்டை இறுக்கும் திசையில் 45 டிகிரி மேலே நிறுத்தி, நுனியில் எடையைத் தொங்கவிடுங்கள். ஹப்பில் ஏறும் முறுக்கு தொடக்கத்தில் ஏறக்குறைய 42 நியூட்டன் மீட்டர், கம்பி படுக்கைவாட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 60. கம்பி தேன் வழிவதுபோல மெல்ல இறங்கும். படுக்கைவாட்டுக்கு வர அரை நிமிடம் என்றால் ஆரோக்கியம். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கவனம். கம்பி அந்தரத்தில் நின்றுகொண்டு நீங்கள் டீ குடித்து முடித்தும் இறங்காவிட்டால், ஷாஃப்டைக் கழற்றாமல் அந்த வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் நேரம் கூடும் என்பதால் ஒவ்வொரு ஆண்டும் ஒரே பருவத்தில் அளந்து குறித்துவையுங்கள்.

ஐஆர்டியின் நிலைமை ஆயிலில் தெரியும். ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் கொள்ளும். வடித்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். காந்தத்தில் மைபோல ஒட்டும் சாம்பல் நிறத் துகள் சாதாரணம். நகத்தில் தட்டுப்படும் செதில் வந்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். பின் டிஃப்ரன்ஷியலையும் இதேபோல வடித்துப் பாருங்கள்.

இப்போது செட்டுக்கு வருவோம். முழு செட்டின் விலை சில வேளை வண்டியின் விலையையே தொடும். அதனால் தேவையறிந்து வாங்குங்கள். சத்தமில்லை, ஆயில் சுத்தம், சோதனையில் மட்டும் தோல்வி என்றால் ரீகண்டிஷன் விசியூவும் இரண்டு புதுப் பேரிங்குகளும் போதும். ஆர்டர் கொடுக்கும்போது எஞ்சினையும் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பதையும் சொல்லுங்கள்; ஐஆர்டி எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. பழைய பேரிங்கில் புது விசியூவைத் தொங்கவிடுவது கஞ்சத்தனம். அந்த எடை ஆட ஆரம்பித்தால் அதிர்ச்சி நேராக ஐஆர்டி பினியனுக்குப் போகும். மாட்டும்போது பேரிங் தாங்கிகளின் போல்ட்டைக் கடைசியில் இறுக்கச் சொல்லுங்கள். ஷாஃப்ட் தன் நேருக்கு வந்து உட்கார வேண்டும். காயலான் கடை விசியூ வேண்டவே வேண்டாம். சீல் வைத்த உருளை, வெளியே பார்த்து எதுவும் தெரியாது.

ஷாஃப்டைக் கழற்றிவிடுவது மட்டமான வழி என்று நான் சொல்லமாட்டேன். நகரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அது நியாயமான முடிவு. ஆனால் ஐஆர்டிக்குள் கிரவுன்-பினியன் அப்போதும் சுற்றும், ஏற்கெனவே வந்த சத்தம் போகாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இதை மாற்றமாகத் தெரிவிக்க வேண்டும். விற்கும்போது வாங்குபவருக்கும் சொல்லியாக வேண்டும்.

எந்த வழியில் போனாலும் டயரில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். நான்கும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம். இரண்டு மட்டும் வாங்க முடிந்தால் புதியவை பின்னால்தான். முன்சக்கர வண்டிப் பழக்கத்தில் கராஜ்காரர் முன்னால் போட்டுவிடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள். காற்றழுத்தமும் கையேட்டில் சொன்னபடி.

பில் விஷயம். பல ரீகண்டிஷன் கடைகள் ஐஆர்டி வாரண்டிக்கு விசியூ மாற்றிய ரசீதைக் கேட்கின்றன. அது ஏமாற்று வேலை இல்லை, பொறியியல் நியாயம். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்றபோதே இருந்த பழுதாகத்தான் முதலில் கொள்ளப்படும்; மறுத்து நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. பழைய விசியூவோடு ஓட்டியிருந்தால் அந்த மறுப்பை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி. கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையான பொருளுக்கு, 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு கம்பெனியும் பொறுப்பாளி. பழைய ஐஆர்டியைத் திருப்பித் தருவதற்காகக் கட்டிய டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், உறை வெடித்திருந்தால் பிடித்துக்கொள்வார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வண்டி வழியில் நின்றால் முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்க விடாதீர்கள். முழுதாக ஏற்றும் லாரி வர வேண்டும், அல்லது ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும். எம்ஓடிக்கு (பிரிட்டனின் ஆண்டு வண்டித் தகுதிச் சோதனை) கொண்டுபோகும்போது இது நிரந்தர நான்குசக்கர இயக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரேக்கை ரோலரில் ஏற்றிப் பார்க்கக் கூடாது, சாலையில் ஓட்டி, வேகம் குறைவதை அளக்கும் மீட்டர் வைத்தோ, பிரேக் சோதனைப் பிளேட்டில் ஏற்றியோதான் பார்க்க வேண்டும்.