மோரிட்ஸ்பூர்க்கும் மயில் தீவும்

ஜெர்மனியில் அரசர்கள் ஓய்வெடுக்க அமைத்த நீர்சூழ் இடங்களில் ஒன்றையே காண நேரம் இருப்பவருக்கு, டிரெஸ்டனுக்கு அருகிலுள்ள மோரிட்ஸ்பூர்க்கா, பெர்லினின் ஹாவெல் ஆற்றிலுள்ள மயில் தீவா என்ற கேள்வி எழும்.

வேட்டை மாளிகையாகத் தொடங்கிய மோரிட்ஸ்பூர்க்கை, 18ஆம் நூற்றாண்டில் சாக்சனியின் ஆட்சியாளர் வலிமைமிகு அகஸ்டஸ் நான்கு வட்டக் கோபுரங்களுடன் செயற்கைத் தீவின்மேல் விரிவாக்கினார். அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஃபெசன்ட் என்ற பறவையின் பெயர்கொண்ட சிறு மாளிகையை அடுத்த ஏரிக்கரையில், கடலே இல்லாத ஊரில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. அரசவையினர் சிறு கப்பல்களில் நடத்திய போலிக் கடற்போர்களுக்கு அது அலங்காரப் பின்னணி.

மயில் தீவின் சிறு மாளிகை, பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியம் 1794இல் கட்டத் தொடங்கியது. தொலைவிலிருந்து வெள்ளைக் கல் கோட்டையாகத் தெரிவது, நெருங்கினால் கல்லைப்போல வண்ணம் பூசிய மரப்பலகைகள் என்று புலப்படும். சிதைந்த கோட்டையின் தோற்றமும் வேண்டுமென்றே உருவாக்கப்பட்டதுதான். உள்ளே ஓர் அறை மூங்கில் குடிசையாகவே தீட்டப்பட்டிருக்கிறது. இத்தீவு 1990இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பிரம்மாண்டத்தை விரும்புவோருக்கு மோரிட்ஸ்பூர்க் நிறைவளிக்கும். ஆயினும் என் தேர்வு மயில் தீவே. படகில் மட்டுமே சென்று சேர முடிகிற அந்தத் தனிமையில், மயில்கள் உலவும் புல்வெளியைக் கடந்து மாளிகையை அணுகுவது, ஒரு மன்னரின் கனவுக்குள்ளேயே நடப்பது போலிருக்கும்.