ஜே-1 முடித்த டாக்டருக்கு எது நல்லது: ஊரில் 2 வருடமா, அமெரிக்காவில் கான்ராட் திட்டத்தில் 3 வருடமா?

அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி) முடிக்கும் டாக்டர்கள் எல்லோரையும் குடியேற்றச் சட்டத்தின் 212(இ) விதி பிடிக்கும். சொந்த நாட்டில் மொத்தம் 2 வருடம் இருந்து கழிக்காமல் எச்-1பி வேலை விசாவோ, நிரந்தரமாகத் தங்க கிரீன் கார்டோ கிடையாது. நம் அரசிடம் 'ஆட்சேபணை இல்லை' கடிதம் வாங்கி விலக்கு கேட்கும் வழி ஆராய்ச்சியாளர்களுக்கு உண்டு, நமக்கு இல்லை. எந்த நாட்டவர் எந்தத் துறைக்காகத் திரும்ப வேண்டும் என்று அமெரிக்கா வைத்திருக்கும் திறன் பட்டியலில் இருந்து 2024 டிசம்பரில் இந்தியாவை எடுத்தார்களே, அதுவும் நமக்கு உதவாது. நம்மைக் கட்டிப்போடுவது மருத்துவப் பயிற்சி என்ற தனிக் காரணம்.

மிச்சமிருக்கும் வழிகளில் பலரும் போவது கான்ராட் 30 வெய்வர், அதாவது ஊருக்குத் திரும்பாமல் இருக்க விலக்கு தரும் திட்டம். மாநிலத்துக்கு வருடம் 30 இடம். டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் 3 வருடம் முழுநேர வேலை. டாலர் சம்பளம், குழந்தைகளின் படிப்பு தடைபடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் திருச்சிக்குத் திரும்பினேன். என்னைத் திருப்பியது ஒரே கணக்கு. கான்ராட்டில் 3 வருடத்தையும் முடித்தால்தான் விலக்கு நிலைக்கும். இரண்டரை வருடத்தில் வேலையை விட்டால், ஊரில் இருக்க வேண்டிய 2 வருடம் முழுசாகத் திரும்பி வந்து நிற்கும். நிர்வாகம் சரியில்லை என்று சும்மா இடம் மாறவும் முடியாது. தவிர்க்க முடியாத காரணம் என்று குடியேற்றத் துறைக்கு நிரூபிக்க வேண்டும். ஊரில் கழிக்கும் நாள் அப்படியில்லை. கழித்தது கழித்ததுதான். தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நடுவில் நான் ஒரு மருத்துவமனையை விட்டு இன்னொன்றில் சேர்ந்தேன். ஒரு நாள்கூடக் குறையவில்லை. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய சமயம் அது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

கான்ராட்டில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே நல்ல இடம் அமைந்து நிம்மதியாக முடித்த நண்பர்களும் எனக்கு உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவருக்குப் போடும் புது எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். நான் ஊருக்கு வந்தபோது அது இல்லை. திரும்பவும் அமெரிக்கா போயே ஆக வேண்டும் என்பவர்கள் இதை வக்கீலிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், துபாயில் வேலை பார்த்தால் ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது. பாஸ்போர்ட் முத்திரைகள், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.