டயர் கேஜை மாட்டிக் காட்டினார், நம்பிவிட்டேன்: ஹார்லி ஏர் ஷாக் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஹார்லி டேவிட்சனின் டூரிங் (நெடுந்தூரப் பயண) பைக்கில் பழைய மாடல் வைத்திருப்பவர்கள், முக்கியமாக செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். பின் ஷாக்கில் (குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர், இந்த மாடலில் அதற்குள் காற்று அடிக்க வேண்டும்) காற்று நிற்கவில்லை என்று யாராவது டயர் கேஜை, அதாவது டயரில் காற்றழுத்தம் அளக்கும் கருவியை, மாட்டிக் காட்டினால் அந்த இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். மொத்தம் 1,18,000 ரூபாய் போனது. உண்மையில் காற்று போய்க்கொண்டிருந்தது பத்து ரூபாய் ஓ-ரிங் (சின்ன ரப்பர் வளையம்) வழியாக.

என்னுடையது 2011 ரோட் கிங், 1584 சிசி. ஓடும் நிலையில் 370 கிலோவுக்குப் பக்கம் இருக்கும். மூன்றாவது ஓனர் நான். 2007-ல் நம் மாம்பழத்தை அமெரிக்கா உள்ளே விட்டது, பதிலுக்கு அவர்கள் ஹார்லிக்கு நாம் கதவைத் திறந்தோம். ஊர் சேலம் என்பதால் இந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன். இப்போது நிறுத்திவிட்டேன். இந்த வண்டிக்கு மாம்பழம் கொடுத்தது நமக்குத்தான் நஷ்டமோ என்று சில நாள் தோன்றியது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்த வண்டியின் பின்பக்கம் இரண்டு ஷாக். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் ஒன்று வந்து, நடுவில் ஒரு டி-ஜாயின்ட்டில் சேர்ந்து, இடப்பக்கச் சாமான் பெட்டி ஓரமாக இருக்கும் ஒரே வால்வில் முடியும். அது டயரில் இருக்கும் அதே மாதிரி வால்வுதான். தனியாக ஓட்டினால் காற்று ஏறக்குறையத் தேவையே இல்லை. பின்னால் ஆள், பெட்டியில் சாமான் என்றால் பாரத்தைப் பார்த்து 20, 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடிக்க வேண்டும். எந்த நிலையிலும் 50-ஐத் தாண்டக் கூடாது. 2017 மாடலிலிருந்து கம்பெனியே இந்தக் காற்று விவகாரத்தை விட்டுவிட்டு, கையால் திருகும் அமைப்புக்கு மாறிவிட்டது.

பிரச்சினை ஏற்காட்டில் ஆரம்பித்தது. இருபது ஹேர்பின் வளைவு. தனியாகப் போனபோது ஒன்றும் தெரியவில்லை. மனைவி பின்னால் ஏறிய ஞாயிற்றுக்கிழமை, எட்டாவது வளைவில் ஃபுட்போர்டு தரையில் உரசித் தீப்பொறி பறந்தது. கீழே இறங்கும்போது ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் பின்பக்கம் அடி வாங்கியது. வீட்டுக்கு வந்து சைக்கிள் பம்பால் 25 அடித்தேன். இரண்டு நாளில் மறுபடி இறங்கிவிட்டது. திரும்ப அடித்தேன், திரும்ப இரண்டு நாள். இந்த "இரண்டு நாள்" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் பெரிய வண்டிகளுக்கென்றே ஒரு தனியார் ஒர்க்ஷாப் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மழை இல்லாத ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனேன். ஏசி அறை, காபி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லிஃப்டில் நிற்கும் வண்டிகள். ஓனர் நன்றாகத் தமிழ் பேசினார். கேட்பதற்கு முன்பே, "ஏர் ஷாக்தானே சார், இந்த மாடல்ல பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துப்போச்சு" என்றார். நமக்கு அதுதானே வேண்டும். பார்த்து அலுத்தவர் கையில் வண்டியைக் கொடுப்பது எவ்வளவு நிம்மதி!

என் கண் முன்னாலேயே 30 பிஎஸ்ஐ அடித்தார்கள். சாதாரண டயர் கேஜ் ஒன்றை எடுத்து வால்வில் வைத்தார். 19 காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். 10. மூன்றாவது முறை 4.

"பாத்தீங்களா சார்? ஒரு நிமிஷம்கூட நிக்கல. ரெண்டு ஷாக்குமே போச்சு."

நான் பார்த்தேன். முள் இறங்குவதை என் கண்ணாலேயே பார்த்தேன். வேறு என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு நிமிடத்தில் போகிற காற்று என்றால், காலையில் அடித்துவிட்டுக் கிளம்பிய நான் தொப்பூர் கணவாயைத் தாண்டுவதற்குள் பின்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டுமே. இருநூறு கிலோமீட்டர் சுகமாக வந்து இறங்கியிருக்கிறேன். இரண்டு நாள் தாக்குப்பிடித்த காற்று அவர் கடையில் மட்டும் ஏன் ஒரு நிமிடத்தில் போனது?

விஷயம் இதுதான். டயர் என்பது ஒரு குடம் தண்ணீர். கேஜை வைத்து எடுக்கும்போது "புஸ்" என்று கொஞ்சம் போனாலும் குடத்துக்கு ஒன்றும் தெரியாது. ஷாக்கில் இருக்கும் காற்றோ குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை அளவுதான். ஒரு "புஸ்" போனாலே பாதி காலி. அவர் காட்டியது ஷாக்கின் லீக் இல்லை, அவர் கையிலிருந்த கேஜ் குடித்த காற்று. புத்தம்புது ஷாக்கில் வைத்திருந்தாலும் முள் அப்படித்தான் இறங்கியிருக்கும். இது தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்து நடந்ததை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அரை உண்மைகளை அடுக்குவதில் மனிதர் கெட்டிக்காரர். "கம்பெனி 2020-லேயே இந்தியாவை விட்டுப் போயிடுச்சு சார், பார்ட்ஸ் எங்க கிடைக்கும்?" நேரடி விற்பனையை 2020-ல் நிறுத்தியது உண்மை. அதற்கு அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப் கூட்டு சேர்ந்து விற்பனை, பார்ட்ஸ், சர்வீஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டதை அவர் சொல்லவில்லை. "2017-லேயே ஏர் ஷாக்கை நிறுத்திட்டாங்க." அதுவும் உண்மைதான். ஆனால் பழைய மாடல்களுக்குப் பொருந்தும் ஷாக்கை வேறு கம்பெனிகள் செய்கின்றன என்பதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் தெரிந்தவர் மூலம் வரவழைக்க வேண்டும், கஸ்டம்ஸ் இருக்கிறது, ஆறு வாரம் ஆகும் என்றார். 60,000 அட்வான்ஸ் ஜிபேயில் அனுப்பினேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் சேலம் வந்தேன்.

ஆறு வாரம் ஒன்பது வாரம் ஆனது. போய்ப் பார்த்தால் ஷாக் இரண்டும் கன்னங்கரேலென்று மின்னின. பழைய ஷாக்கைக் கேட்டேன். "அதெல்லாம் அப்பவே டிஸ்போஸ் பண்ணிட்டோம் சார், ஆயில் ஒழுகிட்டு இருந்துச்சு." பில்லில் "சஸ்பென்ஷன் ஒர்க் கம்ப்ளீட்" என்று ஒரே வரி. பார்ட் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஆகும் என்றார். நானும் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். இது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

கிளம்பும் முன் காற்று அடித்துக் கொடுக்கச் சொன்னேன். பையன் ஒருவன் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் லைனை அப்படியே மாட்டினான். "டப்" என்று ஒரு சத்தம், முள் 80-ஐத் தாண்டிப் போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி 30-க்குக் கொண்டுவந்தான். புத்தகத்தில் 50-க்கு மேல் கூடாது என்று இருக்கிறதே என்று கேட்டேன். "புது சீல் சார், அழுத்தம் குடுத்தாத்தான் செட் ஆகும்" என்றார் ஓனர். பாலாடைக்குள் குழாயைத் திறந்துவிட்ட கதை. கடைக் கம்ப்ரஸரில் நூறு பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். இவ்வளவு சின்ன இடம் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும். கை பம்பில்தான் அடிக்க வேண்டும் என்று வண்டியின் புத்தகத்திலேயே எச்சரித்திருப்பது இதனால்தான்.

சேலம் வந்த மூன்றாம் நாள் பின்பக்கம் இறங்கியிருந்தது. பத்தாம் நாள் பின் பிரேக் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தால் வலப்பக்க டிஸ்க்கில் எண்ணெய். நல்லவேளை, தெருமுனையிலேயே தெரிந்தது. ஏற்காடு இறக்கத்தில் தெரிந்திருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வலது ஷாக்கின் அடியில் பெயின்ட்டுக்குக் கீழே நெல்மணி அளவுக்கு ஒரு பள்ளம். போன வருஷம் சைலன்சரைக் கழற்றும்போது ஸ்பேனர் நழுவி நானே போட்டது. நகத்தால் சுரண்டினேன், புதுப் பெயின்ட் உரிந்தது. போனில் பழைய போட்டோக்களைத் தேடினேன். அதே இடம், அதே பள்ளம். ஷாக்கை மாற்றவே இல்லை. கழுவி, ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, போல்ட்டை மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்பது வாரத்தில் நடந்த வேலை அவ்வளவுதான்.

சங்ககிரியில் லாரிகளுக்கு ஏர் பிரேக் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் நண்பன் அழைத்துப் போனான். ஹார்லியை அவர் தொட்டதே இல்லை. "தம்பி, நாங்க எட்டு கிலோ காத்துக்கு லீக் புடிக்கிறவங்க. இது ரெண்டு கிலோ" என்றார், காற்றழுத்தத்தைத்தான் அப்படிச் சொல்கிறார். பெட்டியைக் கழற்றச் சொன்னார். கால் திருகு திருகினால் வந்துவிடும் பெட்டி அது. மெதுவாகக் காற்று ஏற்றி, ஒரு ரூபாய் ஷாம்பூவைக் கரைத்து, வால்வு, டியூப், டி-ஜாயின்ட், இரண்டு ஷாக்கின் வாய் எல்லாவற்றிலும் பிரஷ்ஷால் தடவினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் டி-ஜாயின்ட்டில் மட்டும் கடுகு கடுகாக நுரை.

காற்றை முழுக்க இறக்கிவிட்டு, ஜாயின்ட்டின் வளையத்தை உள்ளே அழுத்திக்கொண்டே டியூபை இழுத்தார், வந்துவிட்டது. உள்ளே இருந்த ஓ-ரிங் கல் மாதிரி இறுகியிருந்தது. டியூபின் நுனியை புது பிளேடால் நேராக ஒரு சென்டிமீட்டர் வெட்டினார். கத்தரியால் வெட்டினால் வாய் நசுங்கி மறுபடி லீக் வரும் என்றார். டப்பாவிலிருந்து அதே அளவில் ஓ-ரிங் ஒன்றைத் தேடிப் போட்டார். இருநூறு கேட்டார், ஐநூறு கொடுத்தேன். அன்றிலிருந்து காற்று இறங்கவில்லை.

ஆனால் வலப்பக்க டியூபைக் கழற்றியபோது உள்ளே எண்ணெய் இருந்தது. "இது முன்னாடியே இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார். இல்லை. வீட்டில் காற்றை இறக்கும்போதெல்லாம் காய்ந்த காற்றுதான் வரும். இந்த அடையாளத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: வால்வு வழியாக எண்ணெய் வந்தால் ஷாக்கின் சீல் (உள்ளே இருக்கும் எண்ணெயை அடைத்துவைக்கும் ரப்பர்) போயிருக்கிறது, வராவிட்டால் பெரும்பாலும் டியூப், ஓ-ரிங், வால்வு பின் இவற்றில் ஏதோ ஒன்று. நல்லா இருந்த ஷாக்கை அந்த "டப்" தின்றுவிட்டது என்பதுதான் பெரியவரின் கணிப்பு. கடைசியில் காற்றே இல்லாத ஸ்பிரிங் ஷாக் ஜோடி ஒன்று வாங்கிப் போட்டேன். அதன் விலையை இங்கே எழுதினால் வீட்டில் படிப்பார்கள்.

உங்களிடம் ஏர் ஷாக் இருந்தால் முதலில் ஒரு ஷாக் பம்ப் (ஷாக்குக்கென்றே இருக்கும், டயல் வைத்த கை பம்ப்) வாங்குங்கள். கியர் சைக்கிள் விற்கும் பெரிய கடைகளில் கிடைக்கும். டயலில் சின்ன எண்களும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் 300 வரை இருக்கும், 20-க்கும் 25-க்கும் வித்தியாசமே தெரியாது. கழற்றும்போது வரும் "புஸ்" பம்பின் ஹோஸில் இருக்கும் காற்று, பயப்படாதீர்கள். திரும்ப மாட்டினால் எண் கொஞ்சம் குறைந்துதான் காட்டும், ஏனென்றால் ஷாக்கிலிருந்து காற்று வந்து அந்த ஹோஸை நிரப்புகிறது. என் பம்பில் எப்போதும் 5 குறையும். ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் மாட்டும்போதும் அதே 5 தான் குறைகிறது என்றால் லீக் இல்லை. அப்புறம், காற்றை இறக்கும்போது வால்வுக்கு மேல் துணி போட்டுப் பிடியுங்கள், எண்ணெய் தெறித்து டயரிலோ டிஸ்க்கிலோ பட்டுவிடக் கூடாது.

ஒர்க்ஷாப்பில் விடுவதற்கு முன் ஷாக்கின் மேல் எழுத்துகள், கீறல் எல்லாம் தெரியும்படி போட்டோ எடுங்கள். பழைய பார்ட்டை எடுத்துவைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பிலேயே எழுதுங்கள்.

பெங்களூர் ஒர்க்ஷாப் ஓனருக்குப் போன் செய்தேன். முதலில் "அந்தக் கீறல் டெலிவரிக்கு அப்புறம் விழுந்தது" என்றார். பழைய போட்டோவை அனுப்பினேன், அதன் பிறகு போனையே எடுப்பதில்லை. 1915-க்கு அழைத்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்தேன். ஒர்க்ஷாப் வெளி மாநிலமாயிற்றே, அங்கே போய் அலைய முடியுமா என்று தயங்கினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் சரியில்லாவிட்டாலும் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன. நோட்டீஸ் போயிருக்கிறது.

பதிலுக்கு அவர்கள் எழுதியிருப்பது: புது ஷாக் மாட்டப்பட்டது, பழைய இரண்டும் அன்றே அழிக்கப்பட்டன. அழிக்கப்பட்ட அந்த இரண்டும் இப்போது என் கட்டிலுக்கு அடியில் சாக்கில் கட்டிக் கிடக்கின்றன. வக்கீல் கழுவக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அறை முழுக்க எண்ணெய் வாடை.