நாலு வருஷம், இரண்டு ஜீன்ஸ்: உடம்பில் படுவது ஊடைதான்

போன வாரம் தொடைப் பக்கம் நைந்துபோன ஜீன்ஸை ஒட்டுப்போடக் கொடுத்தேன். தைப்பவர் உள்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். முடிபோல் மெல்லிய வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். ரப்பர் மாதிரி நீண்டது, விட்டதும் சுருண்டுகொண்டது. "உள்ளே இருக்கிற எலாஸ்டிக் அறுந்துபோச்சு சார். ஒட்டுப் போட்டாலும் பக்கத்துல தொளதொளன்னுதான் நிக்கும்" என்றார்.

அன்று மாலையே நண்பன் கேட்டான்: "உன்கிட்ட ரெண்டு மாதிரியும் இருக்கே, எதை வாங்கட்டும்?"

ஒன்று முழுப் பருத்தி, சதுர கஜத்துக்கு 14 அவுன்ஸ் எடையுள்ள கனத்த துணி. இன்னொன்று இந்த நீளும் ரகம்: பருத்தி 68, பாலியஸ்டர் 30, எலாஸ்டேன் (ரப்பர் போல நீளும் செயற்கை இழை) 2 சதவீதம். இரண்டுக்கும் நாலு வயது.

கடையில் நாம் தடவிப் பார்ப்பது வெளிப்பக்கத்தை. டெனிமில், அதாவது ஜீன்ஸ் துணியில், வெளியே தெரியும் நீலம் பெரும்பாலும் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல். குறுக்கே ஓடுவது ஊடை. சாய்வான வரிகள் விழும் 3/1 ட்வில் நெசவில் பாவு மூன்று ஊடைக்கு மேலே போய் ஒன்றின் கீழே இறங்குகிறது. அதனால் ஊடை நூல் பெரும்பாலும் உள்பக்கம் தங்கிவிடுகிறது. நாள் முழுக்கத் தோலில் உரசுவது அதுதான். நீளும் ஜீன்ஸில் எலாஸ்டேனையும் பாலியஸ்டரையும் வழக்கமாகச் சேர்ப்பதும் அந்த ஊடையில்தான். பருத்தி வியர்வையை நூலுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் கிட்டத்தட்ட ஒன்றும் வாங்காது. சீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முழங்காலுக்குப் பின்னால் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, எனக்கு நாலு வருஷமாக ஆறாத எரிச்சல் அது.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். முதல் நாளிலிருந்தே சுகமாக இருந்தது அந்த நீளும் ஜீன்ஸ்தான். சம்மணம் போட்டு உட்காரலாம், படி ஏறும்போது தொடை பிடிக்காது, துவைத்தால் சீக்கிரம் காயும். பருத்தி ஜீன்ஸோ முதல் இரண்டு மாதம் அட்டை மாதிரி மொடமொடவென்று இடுப்பை அறுத்தது. ஆனால் அதன் நூல் ரிங் ஸ்பன் என்ற முறையில் நூற்றது. இழைகள் நீளவாக்கில் ஒழுங்காக முறுக்கேறியிருப்பதால் துவைக்கத் துவைக்க மிருதுவாகிறது. இதற்கு முன் வைத்திருந்த ஓப்பன் எண்ட் என்ற வேறு முறையில் நூற்ற நூல் ஜீன்ஸ் கடைசிவரை வறட்டுத்தனமாகவே இருந்தது. அதில் சில இழைகள் நூலின் மேலேயே குறுக்கே சுற்றிக்கொள்வதால் கைக்குக் கரகரப்பு போகாது.

நீளும் ரகத்தில் எலாஸ்டேன் நடுவே இருக்கும், மற்ற இழைகள் அதைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். தோலில் ரப்பர் படாததற்கு அதுதான் காரணம், நல்ல வேலைப்பாடுதான். சூடு மட்டும் அதற்கு ஆகாது. நான் வெந்நீரில் துவைத்தேன், சுடச்சுட இஸ்திரி போட்டேன். இரண்டாம் வருஷமே முழங்கால் புடைத்துக்கொண்டு நின்றது. அந்தத் தப்பில் பாதி என்னுடையது. பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்.

சரி, நண்பனுக்குப் பதில். கணக்குப் போட்டால் சௌகரியத்தில் நீளும் ஜீன்ஸே ஜெயிக்கும். இருந்தும் வாங்காதே என்றுதான் சொன்னேன். அப்புறம் அவனை என் பருத்தி ஜீன்ஸின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.